வெட்டப்பட்ட 1,200 அடி: 'விதின் அவர் கேட்ஸ்' திரையிடல், 1920லும் இப்போதும்

கறுப்பினப் போதகர் ஒருவர். பெயர் ஓல்டு நெட். வெள்ளைக்காரப் பெரிய மனிதர்கள் இருவரின் அறைக்குள் சிரித்துக்கொண்டே வருகிறார். இது வெள்ளையரின் நாடு, எங்கள் ஆட்கள் அவரவர் இடத்தில் இருக்கவேண்டும் என்றுதான் நான் பிரசங்கம் செய்கிறேன் என்று அவர்கள் காதுக்கு இதமாகச் சொல்கிறார். அவர்கள் சிரிக்கிறார்கள், இவரும் சிரிக்கிறார். கிளம்பும்போது பின்பக்கத்தில் ஓர் உதை விடுகிறார்கள், அதற்கும் சிரிக்கிறார். கதவைத் தாண்டி வெளியே வந்து அதைச் சாத்துகிறார். சாத்திய அந்த நொடியில் முகத்திலிருந்த சிரிப்பு மொத்தமும் வழிந்து போய்விடுகிறது. ஒரு கிண்ணம் பயற்றங்கூழுக்காக என் பிறப்புரிமையை மறுபடியும் விற்றுவிட்டேன், எனக்கு நரகம்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். பைபிளில் ஏசா செய்த வியாபாரம் அது.

இந்த இடத்தில் படத்தை நிறுத்தச் சொல்லி ஒரு கை உயர்ந்தது. கடந்த பிப்ரவரியில், நான் வசிக்கும் அமெரிக்க ஊரின் பொது நூலகத்தில் கூட்ட அறையைக் கேட்டு வாங்கி, முப்பது நாற்காலி போட்டு, நாங்கள் ஆறேழு பேர் சேர்ந்து நடத்திய திரையிடல் அது. கையை உயர்த்தியவர் ஓய்வுபெற்ற கறுப்பினப் பள்ளி ஆசிரியை. இந்த மாதிரி இரண்டு பாஸ்டர்களை எனக்கே தெரியும் என்றார். அப்புறம், மேலே போடுங்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அறையில் யாரும் சிரிக்கவில்லை. நூறு வருஷத்துக்கு முந்தைய ஊமைப்படம் ஒன்று, பார்க்கிறவரின் சொந்தக் கணக்கு வழக்குக்குள் இப்படி நேராக நுழைந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

படம் 'விதின் அவர் கேட்ஸ்'. 'நம் வாசல்களுக்குள்ளே' என்று தமிழில் சொல்லலாம். எடுத்தவர் ஆஸ்கர் மிஷோ. கறுப்பின அமெரிக்கர் ஒருவர் இயக்கிய முழுநீளப் படங்களில் இன்று நம் கைக்குக் கிடைப்பவற்றில் மிகப் பழையது இதுதான். பிப்ரவரி வந்தால் கறுப்பின வரலாற்று மாதம் என்று அமெரிக்கா முழுக்கத் திரையிடல்கள் நடக்கும். அந்த வழக்கத்துக்கு விதை போட்டவர் வரலாற்றாசிரியர் கார்ட்டர் ஜி. வுட்சன். ஜனாதிபதி லிங்கன், அடிமை முறையை எதிர்த்துப் போராடிய ஃப்ரெடரிக் டக்ளஸ் இருவரின் பிறந்தநாளும் வருகிற பிப்ரவரி வாரத்தை 1926ல் வரலாற்று வாரமாக ஆரம்பித்தார், 1976ல் அது மாதமாக அரசு அங்கீகாரம் பெற்றது. பெரும்பாலான திரையிடல்களில் எல்லோருக்கும் தெரிந்த படம், மனசுக்கு இதமான முடிவு, பாப்கார்ன், கைதட்டல். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்தப் படத்தை ஏன் தேர்ந்தெடுத்தோம், போடும்போது எங்கெங்கே இடறினோம், 1920ல் இதே படத்துக்கு என்ன நடந்தது என்பதை எல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கவேண்டும் என்று தோன்றியது. என்னைப் பொறுத்தவரை இந்தப் படத்தின் விஷயத்தில் மரபு என்று கொண்டாட வேண்டியது, இதை ஒருவர் ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போய்த் திரையில் போட்டே தீருவேன் என்று நின்ற அந்தப் பிடிவாதத்தை. கதையும் நடிப்பும் அதற்கு அடுத்துத்தான் வருகின்றன.

முதலில் ஆளைப் பற்றி. மிஷோ 1884ல் இலினாய் மாநிலத்தில் பிறந்தவர். அப்பா கென்டக்கியில் அடிமையாக இருந்தவர். மகன் சிகாகோவுக்குப் போய், புல்மன் ரயில் பெட்டிகளில் போர்ட்டராக வேலை பார்த்துக் காசு சேர்த்து, தெற்கு டகோட்டாவில் நிலம் வாங்கி, சுற்றிலும் வெள்ளையர்களே இருந்த இடத்தில் தனியாக விவசாயம் செய்தார். நிலம் கைவிட்டுப் போனது. அந்த அனுபவத்தை நாவலாக்கி, தானே அச்சடித்து, பக்கத்துப் பண்ணை வீடுகளில் கதவைத் தட்டி விற்றார். லிங்கன் மோஷன் பிக்சர் கம்பெனி என்கிற கறுப்பினரின் படக் கம்பெனி அவருடைய 'தி ஹோம்ஸ்டெடர்' நாவலைப் படமாக்கக் கேட்டபோது, நானே கூட இருந்து எடுப்பேன் என்று இவர் அடம்பிடிக்க, பேச்சு முறிந்தது. சரி, நாமே கம்பெனி ஆரம்பிப்போம் என்று பங்குகளை விவசாயிகளிடமே விற்றுப் பணம் திரட்டினார். சினிமா எடுத்த அனுபவம் துளிகூடக் கிடையாது. 1919 பிப்ரவரியில் படம் சிகாகோவில் வெளியானது, முதல் காட்சி எட்டாவது ரெஜிமென்ட்டின் ஆர்மரி கட்டடத்தில். பிரான்சில் போரிட்ட கறுப்பினப் படைப்பிரிவின் கட்டடம் அது. அந்தப் படம் இன்று இல்லை, தொலைந்துவிட்டது. 'விதின் அவர் கேட்ஸ்' அவருடைய இரண்டாவது படம்.

இரண்டு படங்களுக்கும் நடுவில் ஒரு கோடைக்காலம் இருக்கிறது, அது தெரியாமல் இந்தப் படத்தைப் பார்த்தால் பாதிதான் புரியும். சிகாகோவின் கறுப்பின மக்கள்தொகை 1910ல் சுமார் 44,000, 1920ல் சுமார் 1,09,000. தெற்கிலிருந்து ரயில் ரயிலாக வந்தவர்கள். 1919 ஜூலை 27 அன்று மிஷிகன் ஏரியில் யூஜீன் வில்லியம்ஸ் என்கிற 17 வயதுப் பையன் நீந்திக்கொண்டிருந்தபோது, தண்ணீரில் போடப்படாத ஒரு நிறக்கோட்டைத் தாண்டிவிட்டான் என்று வெள்ளைக்காரர் ஒருவர் கல் எறிய, பையன் மூழ்கிச் செத்தான். அடுத்து நடந்த கலவரத்தில் 38 பேர் இறந்தார்கள், 23 பேர் கறுப்பினர், 15 பேர் வெள்ளையர். காயம்பட்டவர்கள் 500க்கு மேல். அதே கோடையில் நாட்டின் பல ஊர்களில் இதே கதை. செப்டம்பர் கடைசியில் நெப்ராஸ்காவின் ஒமாஹாவில் வில் பிரவுன் என்பவரை நீதிமன்றக் கட்டடத்திலிருந்தே இழுத்து வந்து கொன்றது ஒரு கூட்டம். தெற்கில்தான் இதெல்லாம் நடக்கும் என்று நம்பியிருந்தவர்களுக்கு அந்த வருஷம் பதில் சொல்லிவிட்டது. படத்தின் முதல் டைட்டில் கார்டு இதைத்தான் சொல்கிறது: தெற்கின் வெறுப்பும் பாகுபாடும் இல்லாத வடக்கில் நம் கதைமாந்தர்களைச் சந்திக்கிறோம், அவ்வப்போது ஒரு கறுப்பரைக் கும்பல் கொல்வதை மட்டும் அது தடுத்துவிடுவதில்லை. ஆரம்ப வாக்கியமே இப்படி. எங்கள் அறையில் இதைப் படித்ததும் யாரோ ஒருவர் மூச்சை இழுத்த சத்தம் தெளிவாகக் கேட்டது.

இன்னொரு பின்னணி 1915. டி. டபிள்யூ. கிரிஃபித் எடுத்த 'தி பர்த் ஆஃப் எ நேஷன்'. கூ க்ளக்ஸ் க்ளான் கும்பலை நாட்டைக் காப்பாற்ற வந்த வீரர்களாகவும், முகத்தில் கரி பூசிய வெள்ளை நடிகர்களைக் கொண்டு கறுப்பின ஆண்களை வெறிபிடித்தவர்களாகவும் காட்டிய படம். வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி உட்ரோ வில்சனுக்குப் போட்டுக் காட்டினார்கள். கறுப்பினரின் உரிமைக்கான அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி. ஊர் ஊராக எதிர்த்துப் போராடியது. அதே வருஷம் நவம்பரில் ஜார்ஜியாவின் ஸ்டோன் மவுன்டன் மலையில் க்ளான் மறுபடியும் பிறந்தது. அந்தப் படத்தில் கறுப்பினன் ஒருவன் வெள்ளைக்காரப் பெண்ணைத் துரத்துகிறான், க்ளான் பழி வாங்குகிறது. மிஷோ காட்சிகளை மாற்றி மாற்றி வெட்டிக் காட்டும் அதே முறையை எடுத்து, அப்படியே திருப்பி வைத்தார். இவருடைய படத்தில் ஒரு பக்கம் வெள்ளையர் கும்பல் ஒரு கறுப்பினக் குடும்பத்தைத் தூக்கில் போட்டு எரிக்கிறது, அதே நேரத்தில் இன்னொரு பக்கம் அந்தக் குடும்பத்தின் வளர்ப்பு மகளை ஒரு வெள்ளைக்காரன் வீட்டுக்குள் துரத்துகிறான். இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டுகிறார். கிரிஃபித்திடம் இருந்த பணமோ ஆள்படையோ இவரிடம் இல்லை. கணக்கு மட்டும் நேர்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முதல் பாதியில் காதல், பொறாமை, ரௌடி உறவினன் என்று நிறைய சுற்று இருக்கிறது, அதில் அவ்வளவு சுவாரசியமில்லை. சில்வியா லாண்ட்ரி என்கிற இளம் ஆசிரியை, நடித்தவர் ஈவ்லின் ப்ரியர். தெற்கில் பைனி வுட்ஸ் என்கிற கறுப்பினக் குழந்தைகளின் பள்ளி மூடப்படும் நிலையில் இருக்கிறது. அரசு ஒரு குழந்தைக்கு வருஷத்துக்குக் கொடுப்பது 1.49 டாலர். பள்ளிக்கு 5,000 டாலர் வேண்டும் என்று சில்வியா பாஸ்டனுக்குப் போகிறாள். ஒரு குழந்தையைக் காப்பாற்றப் போய்க் கார் மோதுகிறது, அந்தக் காருக்குச் சொந்தக்காரியான பணக்கார அம்மாள் உதவ முன்வருகிறாள். அவளுடைய தெற்கத்திச் சிநேகிதி தடுக்கிறாள்: இந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பு எதற்கு, ஓல்டு நெட்டுக்கு 100 டாலர் கொடுத்தால் போதும், அவர் அவர்களை அடக்கி வைப்பார். முதலில் சொன்ன காட்சி இங்கேதான் வருகிறது. கடைசியில் அந்த அம்மாள் 50,000 கொடுக்கிறாள்.

அப்புறம்தான் படம் தன் அடிவயிற்றைத் திறக்கிறது. சில்வியாவின் பழைய கதை. அவளை வளர்த்தவர் ஜாஸ்பர் லாண்ட்ரி, வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு என்ற பேச்சில், உழுகிற குத்தகை விவசாயி. நிலக்காரன் கிரிடில்ஸ்டோன். வாரக் குத்தகை எப்படி ஓடும் என்று தெரிந்தவர்களுக்கு இந்த இடம் உடனே புரியும்: விதை, உரம், சாப்பாட்டுச் சாமான் எல்லாம் நிலக்காரன் கணக்கில் கடன், அறுவடை முடிந்ததும் கணக்கு பார்ப்பவனும் அவனே, கடன் ஒருநாளும் தீராது, ஏனென்றால் கணக்குப் புத்தகம் அவனிடம் மட்டும்தான் இருக்கிறது. லாண்ட்ரி வீட்டில் நிலைமை வேறு. படித்த பெண் சில்வியா, அப்பாவுக்கு வீட்டில் உட்கார்ந்து கணக்கு எழுதிக் கொடுக்கிறாள். மேஜை, விளக்கு, நோட்டுப் புத்தகம், பக்கத்தில் அம்மாவும் அப்பாவும். பார்ப்பதற்குச் சாதாரணமாக இருக்கும் இந்தக் காட்சிதான் என் கணக்கில் படத்தின் மையம். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு கணக்கு முடிக்கப் போகிறார் லாண்ட்ரி. வாக்குவாதம். அதே சமயம் கிரிடில்ஸ்டோனால் ஏமாற்றப்பட்ட வேறொரு வெள்ளைக்காரன் ஜன்னல் வழியாகச் சுட்டுவிடுகிறான். எட்டிப்பார்த்துக் கொண்டிருந்த எஃப்ரம் என்கிற வேலைக்காரன், லாண்ட்ரிதான் சுட்டான் என்று ஊருக்குள் ஓடிப்போய்ச் சொல்கிறான்.

எஃப்ரம் கறுப்பினத்தவன். வெள்ளையருக்கு என்மேல் தனிப் பிரியம் என்று நம்புகிறவன். லாண்ட்ரி குடும்பம் சதுப்புக் காட்டில் ஒளிந்திருக்க, தேடி அலுத்த கும்பல் காத்திருக்கப் பொறுமையில்லாமல் அருகில் நின்ற எஃப்ரமையே பிடித்துக் கொன்றுவிடுகிறது. மறுநாள் பத்திரிகை, அடையாளம் தெரியாத கைகளால் நேர்ந்த தற்செயல் மரணம் என்று எழுதுகிறது. இதே பத்திரிகைதான் லாண்ட்ரி குடித்துவிட்டுக் கொலை செய்தான் என்றும் எழுதுகிறது, மிஷோ அந்தப் பொய்யையும் காட்சியாக எடுத்து நமக்குக் காட்டுகிறார். நாம் முதலில் நடந்ததைப் பார்த்தோம், இப்போது நடந்ததாக அச்சடிக்கப்பட்டதைப் பார்க்கிறோம். 1920ல், ஒரு செய்தி எப்படிச் சமைக்கப்படுகிறது என்பதை இவ்வளவு நேராகத் திரையில் வைத்திருக்கிறார். கொல்ல வந்த கூட்டத்தில் பெண்களும் இருக்கிறார்கள், குழந்தைகளும் இருக்கிறார்கள். அதை மறைக்க அவர் முயலவே இல்லை.

சரி, இப்போது திரையிடலுக்கு வருவோம். படம் எட்டு ரீல். சிகாகோ தணிக்கைக் குழு முதலில் அனுமதி மறுத்தது. காரணம் எளிது, கலவரம் முடிந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, இதைப் போட்டால் மறுபடியும் பற்றிக்கொள்ளும். இந்தப் பயம் வெள்ளையருக்கு மட்டும் இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம், கறுப்பினப் பாதிரிகளும் சேர்ந்துதான் எதிர்த்தார்கள். இரண்டாவது முறை போட்டுப் பார்த்து வாதம் நடந்தது. ஜூலை மாதத்துச் சிகாகோவை நினைத்தவர்கள் ஆபத்து என்றார்கள். நாட்டில் நடக்கும் கும்பல் கொலைகளையும் அநியாயத்தையும் நினைத்தவர்கள், இப்போது காட்டாமல் எப்போது காட்டுவது என்றார்கள். இரு பக்கமும் பேசியவர்கள் முட்டாள்கள் இல்லை. செத்தவர்களைப் புதைத்த ஊரில் உட்கார்ந்து பேசினார்கள். கடைசியில் அனுமதி கிடைத்தது, ஆனால் சுமார் 1,200 அடி ஃபிலிமை வெட்டிய பிறகு. அன்றைய ஓட்ட வேகத்தில் அது கால் மணி நேரத்துக்கு மேல் வரும்.

1920 ஜனவரி 12, சிகாகோவின் வென்டோம் தியேட்டரில் படம் வந்தது. ஸ்டேட் தெருவில், கறுப்பின வியாபாரமும் இசையும் கொழித்த பகுதியில் இருந்த தியேட்டர் அது. எர்ஸ்கின் டேட்டின் ஆர்கெஸ்ட்ரா அங்கே பெயர்போனது, பின்னாளில் லூயி ஆம்ஸ்ட்ராங் வாசித்த குழு. ஊமைப்படம் என்று நாம் சொல்கிறோமே, அந்த அரங்குகளில் ஊமையாக எதுவும் ஓடவில்லை.

அடுத்து மிஷோ செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். வெட்டியதை ஒட்டினார். சில வாரம் கழித்து, வெட்டுப்பட்ட பகுதிகள் எல்லாம் சேர்த்த முழுப் படம் என்றே விளம்பரம் செய்தார். எந்த ஊரில் எவ்வளவு தாங்கும் என்று பார்த்து ஊருக்கு ஒரு வடிவம். தெற்கில் பல இடங்களில் கதவு சாத்தப்பட்டது, லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் தியேட்டர்காரர் மறுத்தார், நியூ ஆர்லியன்சில் போலீஸ் தலையிட்டது. விநியோகஸ்தர் என்று பெரிய ஆள் யாரும் கிடையாது. பிரிண்ட்டையும் படங்களையும் வண்டியில் போட்டுக்கொண்டு, தியேட்டர் தியேட்டராகப் போய்ப் பேசி, அடுத்த படத்துக்கு முன்பணமும் வாங்கிக்கொண்டு வருவது அவர் பழக்கம். பல ஊர்களில் வெள்ளையர் தியேட்டர்களில் நள்ளிரவுக்கு மேல்தான் கறுப்பினருக்கென்று தனிக் காட்சி. இப்படியே 40க்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார் மனிதர். ஊமைப்படக் காலத்தில் எடுத்தவற்றில் மிஞ்சியது மூன்றே மூன்று.

மிஞ்சிய கதையும் விசித்திரம்தான். அமெரிக்காவில் இந்தப் படத்தின் பழைய பிரிண்ட் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அந்தக் காலத்து நைட்ரேட் ஃபிலிம் பொடியாகும், எரியும், இல்லையென்றால் வெள்ளிக்காக உருக்கப்படும். அமெரிக்க ஊமைப்படங்களில் வெளியான அசல் வடிவிலேயே முழுசாக இருப்பவை 14 சதவீதம்தான் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகத்தின் 2013 ஆய்வு சொன்னது. பெரிய ஸ்டுடியோக்களின் கதியே அது, தனி ஆளின் பிரிண்ட்டுக்கு யார் பெட்டகம் கட்டினார்கள்? 1970களில் மாட்ரிடில், ஸ்பெயினின் திரைப்பட ஆவணக் காப்பகத்தில், 'லா நெக்ரா' என்ற பெயரில் ஒரு பிரிண்ட் இருப்பது தெரிய வந்தது. 'கறுப்பி' என்று அர்த்தம். 1920களில் ஸ்பெயினுக்குப் போய், டைட்டில் கார்டெல்லாம் ஸ்பானிஷில் மாற்றப்பட்டு, அங்கேயே தங்கிவிட்ட பிரதி. 1992ல் படம் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது, 1993ல் காங்கிரஸ் நூலகம் மீட்டமைத்து முடித்தது.

இங்கே ஒரு விஷயத்தைத் திரையிடுகிறவர்கள் யாரும் சொல்லாமல் விடக்கூடாது. அசல் ஆங்கில டைட்டில் கார்டுகளில் தப்பியவை நான்கு மட்டுமே. மற்றவற்றை ஸ்காட் சிம்மன் என்கிற ஆய்வாளர் ஸ்பானிஷிலிருந்து திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார், மிஷோவின் நாவல்களிலும் 1925ல் வந்த 'பாடி அண்ட் சோல்' படத்தின் கார்டுகளிலும் உள்ள நடையைப் பார்த்துப் பார்த்து. ஸ்பானிஷ் பார்வையாளருக்காகச் சேர்த்திருந்த விளக்கங்களை எடுத்துவிட்டார். நடுவில் ஒரு சின்னப் பகுதி கிடைக்கவே இல்லை, அங்கே என்ன நடந்தது என்பதை ஒரு கார்டு மட்டும் சொல்கிறது. ஆக, ஓல்டு நெட்டின் பயற்றங்கூழ் உட்பட நாம் படித்து உருகுகிற வரிகளில் பெரும்பாலானவை கடல் தாண்டிப் போய், வேறு மொழி உடுத்தித் திரும்பியவை. எங்கள் திரையிடலில் படத்துக்கு முன்பே இதைச் சொன்னோம். சொன்னதால் யாருக்கும் ரசனை குறையவில்லை, அந்த விடுபட்ட இடத்துக் கார்டு வந்தபோது சிலர் முன்னால் சாய்ந்து படித்தார்கள்.

இப்போது எங்கள் அனுபவம். படம் காப்புரிமை தாண்டியது, காங்கிரஸ் நூலகமே இணையத்தில் வைத்திருக்கிறது, யாரும் போடலாம். 79 நிமிடம். நான் முதல்முறை வீட்டில் சத்தமே இல்லாத பிரதியைப் பார்த்தேன், இருபது நிமிடத்தில் கை போனுக்குப் போய்விட்டது, உண்மையைச் சொல்கிறேன். இசை இல்லாமல் ஊமைப்படம் போடுவது சாம்பார் இல்லாமல் இட்லி வைக்கிற மாதிரி, சாப்பிடலாம், ஆனால் அதுதான் ருசி என்று விருந்தாளி நினைத்துக்கொள்வார். 2016ல் கினோ லார்பர் என்கிற பட வெளியீட்டு நிறுவனம் கொண்டுவந்த முன்னோடிக் கறுப்பினப் படங்களின் தொகுப்பில் டிஜே ஸ்பூக்கி இசையமைத்த வடிவம் இருக்கிறது, திரையிடலுக்கு அதைத்தான் எடுத்துக்கொண்டோம்.

பெரிய சண்டை வேறு இடத்தில் வந்தது. பத்து வயதுப் பிள்ளைகளும் வருவார்கள் என்று தெரிந்ததும் எங்கள் குழுவில் ஒருவர், தூக்கிலிடும் பகுதியைத் தாண்டிவிடலாமே, கொண்டாட்ட மாதம்தானே என்றார். கெட்ட எண்ணத்தில் இல்லை, இரண்டு குழந்தைகளுக்கு அப்பா அவர். இன்னொருவர் உடனே எழுந்து, அப்படியென்றால் வேறு படம் போடுங்கள் என்றார். அரை மணி நேரம் ஓடியது. பேசிக்கொண்டே இருக்கும்போது எனக்கு உறைத்தது, நாங்கள் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து 1920 ஜனவரியின் சிகாகோ வாதத்தை வார்த்தைக்கு வார்த்தை திரும்ப நடத்திக்கொண்டிருக்கிறோம். அதே 1,200 அடி. அதே பயம், அதே அக்கறைகூட.

வெட்டவில்லை. அதற்குப் பதில் அறிவிப்புத் தாளிலேயே என்ன வரும் என்று தெளிவாக எழுதினோம். அந்தப் பகுதி எந்த நிமிடத்தில் ஆரம்பிக்கும் என்று பெற்றோரிடம் முன்பே சொன்னோம், பிள்ளைகளை அப்போது வெளியே கூட்டிப்போக விரும்பினால் பக்கத்து அறையில் ஒருவர் இருந்தார். இரண்டு குடும்பங்கள் போனார்கள், மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கும்பல் வரும் காட்சியில் இசையின் சத்தத்தைப் பாதியாகக் குறைத்தோம். அந்த முடிவு சரியா என்று இன்னும் யோசிக்கிறேன். இசையமைத்தவர் கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் நாற்காலி கிறீச்சிடுவது, யாரோ தொண்டையைச் செருமுவது, புரொஜெக்டரின் விசிறிச் சத்தம் எல்லாம் கேட்டன, திரையில் கயிறு மேலே போனது. கும்பல் முழுசாகக் காட்டப்படுவது சில நொடிகள்தான். நெருப்பை இன்னும் கொஞ்ச நேரம் காட்டுகிறார்.

படத்தில் எனக்கு ஒப்பாத இடமும் உண்டு, அதையும் அன்றைக்குப் பேசினோம். இவ்வளவையும் காட்டிவிட்டுக் கடைசியில், சில்வியாவைக் காதலிக்கும் டாக்டர் விவியன் அவளிடம், நம் நாட்டை நினைத்துப் பெருமைப்படு என்று ஆரம்பிக்கிறார். கியூபாவில் நம் ஆட்கள் சண்டை போட்டார்கள், மெக்சிகோவின் கரிசாலில், அப்புறம் பிரான்சில். நாம் ஒருநாளும் வந்தேறிகளாக இருந்ததில்லை என்கிறார். சில்வியா மனம் மாறிக் கல்யாணத்துக்குச் சம்மதிக்கிறாள். எடுத்து வளர்த்தவர்கள் எரிந்த இடத்திலிருந்து இவ்வளவு சீக்கிரம் இங்கே வந்து சேர முடியுமா? என்னால் முடியவில்லை. பள்ளி ஆசிரியை அதை ஏற்கவில்லை. அந்த வருஷம் பிரான்சிலிருந்து திரும்பிய பையன்கள் தியேட்டரில் உட்கார்ந்திருப்பார்கள், அவர்களுக்கு அந்த வரி தேவைப்பட்டிருக்கும் என்றார். எட்டாவது ரெஜிமென்ட்டின் கட்டடத்தில் முதல் படத்தைப் போட்ட ஆள் இவர் என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. முடிவு எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. ஆனால் யாரைப் பார்த்துப் பேசுகிறது என்பது புரிந்தது. கும்பல் கொலைக்கு எதிரான டயர் மசோதா 1922ல் கீழவையில் நிறைவேறி, செனட்டில் முடக்கப்பட்டது. கடத்திக் கொல்லப்பட்ட கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில் பெயரில் அப்படி ஒரு சட்டம் கையெழுத்தானது 2022 மார்ச்சில். படம் வெளியாகி 102 வருஷம் கழித்து.

இதே படத்தைப் போட நினைப்பவர்களுக்கு: பேச்சுக்குப் படத்தின் நீளத்துக்குச் சமமான நேரம் ஒதுக்குங்கள், எங்களுக்குப் போதவில்லை, நூலகத்தை மூடும் நேரம் வந்து விளக்கை அணைத்துவிட்டார்கள். வாரக் குத்தகைக் கணக்கை முன்னாலேயே இரண்டு நிமிடத்தில் விளக்கிவிடுங்கள், இல்லையென்றால் அந்த நோட்டுப் புத்தகக் காட்சி வெறும் குடும்பக் காட்சியாகக் கடந்துபோகும். 1915 படத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டுகிற வழக்கம் சில இடங்களில் உண்டு. நான் அதைச் செய்யமாட்டேன், மிஷோவின் இரவை மறுபடியும் கிரிஃபித்துக்குக் கொடுக்க எனக்கு மனசில்லை, வாயால் சொன்னால் போதும்.

நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருக்கும்போது, கடைசிவரை உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் ஒருத்தி வந்து கேட்டாள், அந்தச் சின்னப் பையன் என்ன ஆனான்? எமிலைக் கேட்கிறாள். லாண்ட்ரியின் மகன். அப்பா அம்மாவோடு அவனையும் இழுத்து வருகிறார்கள், எப்படியோ கயிற்றிலிருந்து நழுவுகிறான், சுடுகிறார்கள், செத்தவன் மாதிரி விழுகிறான், கும்பல் திரும்பியதும் எழுந்து அங்கே நின்ற குதிரைமேல் தாவி ஏறிப் பறக்கிறான். மிஞ்சியிருக்கும் பிரதியில் அதற்குப் பிறகு அவன் வருவதே இல்லை. அவளிடம் அதைச் சொன்னேன். லேப்டாப்பை இன்னும் மூடவில்லை, அதனால் அந்த இடத்துக்குத் திரும்பப் போய் அவளுக்காக இன்னொரு முறை ஓட்டினோம். விழுகிறான், எழுகிறான், குதிரை சட்டகத்தைத் தாண்டிப் போய்விடுகிறது. தப்பிச்சிட்டான் என்றாள், கோட்டை மாட்டிக்கொண்டு அவள் அம்மாவிடம் ஓடினாள்.